விண்ட்ஸ்கேல் 1957: கிராஃபைட் படிகத்துக்குள் அடைபட்டிருந்த சூடு

படிகக் குறைபாடுகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நாம் சொல்லும் உதாரணங்கள் பெரும்பாலும் சாதுவானவை. உப்புப் படிகத்தில் ஓர் அயனி காணாமல் போகும், சிலிக்கானில் ஒரு பாஸ்பரஸ் அணு வந்து உட்காரும், பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், அதோடு முடிந்துவிடும். ஆனால் இடம் மாறிய அணுக்களை மறுபடி அதனதன் இடத்தில் உட்கார வைக்கச் செய்த ஒரு வேலை, ஓர் அணு உலையைத் தீக்குள் தள்ளிய நிகழ்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் 1957 அக்டோபரில் நடந்தது. இதைப் பற்றிப் பேசும்போது தீயையும் கதிரியக்கத்தையும்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தத் தீக்கு முந்தைய இரண்டு நாள்கள், அதிலும் உலையை இயக்கியவர்கள் வெப்பமானிகளில் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை என்பதுதான். அவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை.

பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு அணு விஞ்ஞானத் தகவல்களைப் பிற நாடுகளுக்குத் தருவதை நிறுத்திக்கொண்டது. போர்க்காலத்தில் கூடவே உழைத்த பிரிட்டனுக்கும் கதவு சாத்தப்பட்டது. சரி, நாமே செய்துகொள்வோம் என்று பிரிட்டன் இறங்கியது. அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் வேண்டும், அதற்கு உலை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். விண்ட்ஸ்கேலில் அடுத்தடுத்து இரண்டு உலைகள் எழுந்தன. முதலாவது 1950 அக்டோபரிலும் இரண்டாவது 1951லும் இயங்கத் தொடங்கின.

வடிவமைப்பு எளிமையானது. ஏறக்குறைய 2,000 டன் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, அதன் குறுக்கே கிடைமட்டமாக ஆயிரக்கணக்கான துளைகள் விட்டு, அந்தத் துளைகளில் அலுமினிய உறை போட்ட யுரேனிய உருளைகளைச் செருகியிருந்தார்கள். எரிபொருளுக்கு மட்டும் 3,444 துளைகள். முன்பக்கத்திலிருந்து உருளைகளைத் தள்ளினால் பழையவை பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் போய் விழும். குளிர்விப்பது வெறும் காற்று. ராட்சத விசிறிகள் முன்பக்கமாகக் காற்றை உள்ளே தள்ளும், அது சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வந்து சுமார் 125 மீட்டர் உயரப் புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். இந்தக் காற்றின் போக்கை வாசகர் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது: குளிர்ந்த காற்று முதலில் படுவது முன்பக்கத்தில், ஆகவே சாதாரண ஓட்டத்தில் முன்பக்கம் குளிர்ச்சியாகவும் உட்பகுதி சூடாகவும் இருக்கும்.

புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டிகள் இருந்தன. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது ஜான் காக்கிராஃப்ட் என்ற இயற்பியலாளர் பிடிவாதம் பிடித்து வைக்கச் சொன்னவை. வீண் செலவு என்று அப்போது பலர் அவரைக் கேலி செய்தார்கள்.

படிகத்துக்குள் நடந்தது

கிராஃபைட்டின் அமைப்பை மனத்தில் கொண்டுவர ஒரு சுலபமான வழி இருக்கிறது. இடைப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு அறுகோணத்தின் நடுப்புள்ளியையும் அழித்துவிடுங்கள். மிஞ்சுவது தேன்கூடு மாதிரியான வலை. அந்த வலையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கார்பன் அணு, பக்கத்து அணுவுக்கு 0.142 நானோமீட்டர் தூரம், பிணைப்பு மிக வலுவானது. இப்படிப்பட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கினால் கிராஃபைட். தாளுக்குள் பிடி பலம், தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடி மிகவும் தளர்வு. பென்சில் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு எழுதுவது இந்தத் தளர்வால்தான்.

அணு உலையில் கிராஃபைட்டின் வேலை நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பது. வேகமான நியூட்ரான் கார்பன் அணுக்களோடு மோதி மோதித்தான் வேகத்தை இழக்கும். அந்த மோதலில் கார்பன் அணு தன் இடத்திலிருந்து தூக்கி எறியப்படுகிறது, எறியப்பட்டது போய் இன்னும் பல அணுக்களைத் தள்ளிவிடுகிறது. ஒரே ஒரு வேக நியூட்ரான் நூற்றுக்கணக்கான அணுக்களை இடம்பெயர்க்க முடியும். அணு இருந்த இடத்தில் ஒரு காலியிடம், எறியப்பட்ட அணு தாள்களுக்கு நடுவே எங்கோ இடைச்செருகலாக மாட்டிக்கொள்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் பாடப்புத்தகங்கள் ஃப்ரெங்கெல் குறைபாடு என்கின்றன. தாள்களுக்கு நடுவே அணுக்கள் சேரச் சேர, தாள்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், கட்டி அந்தத் திசையில் வீங்கும்.

வீக்கத்தைவிட மோசமானது இன்னொன்று. இடம் மாறி உட்கார்ந்த அணு நிம்மதியாக உட்காரவில்லை, இழுத்துக் கட்டிய வில் மாதிரி ஆற்றலைப் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தன் பழைய இடத்துக்குத் திரும்பும்போது அந்த ஆற்றலைச் சூடாக வெளியே விடும். இதை 1942லேயே முன்கூட்டிச் சொன்னவர் யூஜீன் விக்னர் என்ற இயற்பியலாளர், அவர் பெயரால்தான் இது விக்னர் ஆற்றல் எனப்படுகிறது. குளிர்ந்த நிலையில் நீண்ட காலம் நியூட்ரான் அடி வாங்கிய கிராஃபைட்டில் கிராமுக்கு 2,700 ஜூல் வரைகூட இது சேர முடியும். அவ்வளவும் ஒரே மூச்சில் வெளியே வந்தால், வெளியிலிருந்து எந்த நெருப்பும் வைக்காமலே கிராஃபைட்டின் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கும் மேல் ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்ட்ஸ்கேலில் அவ்வளவும் ஒருசேர வெளிவரவில்லைதான், ஆனாலும் அளவின் தீவிரம் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"குளிர்ந்த நிலையில்" என்று சொன்னேன் இல்லையா, அதைக் கவனியுங்கள். கிராஃபைட் சூடாக இருந்தால் இடம் மாறிய அணுக்கள் அப்போதைக்கப்போதே அலைந்து திரிந்து காலியிடங்களைக் கண்டுபிடித்துவிடும், குறைபாடுகள் சேராது. குளிராக இருந்தால் அணு நகரவே தெம்பில்லாமல் மாட்டிய இடத்திலேயே கிடக்கும். ஆக, உலையின் எந்தப் பகுதி வழக்கமாகக் குளிர்ச்சியாக இருக்கிறதோ அந்தப் பகுதியில்தான் ஆற்றல் அதிகமாகச் சேர்கிறது. விண்ட்ஸ்கேலில் அது காற்று நுழையும் முன்பக்கம்.

1952க்குப் பிறகு எடுத்த முடிவு

1952ல், உலை நிறுத்தப்பட்டிருந்த ஒரு சமயத்தில், உள்ளே வெப்பநிலை தானாகவே ஏறியது. அணுப்பிளவே நடக்காதபோது சூடு எங்கிருந்து வருகிறது? விக்னர் ஆற்றல் தானாக வெளியேறியிருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அப்படி எதிர்பாராத நேரத்தில் வெளியேற விடுவதைவிட, நாமே நேரம் குறித்து, கட்டுப்பாட்டோடு வெளியேற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

இந்த முடிவு சரியானதுதான். பாத்திரம் தட்டுகிற கன்னார் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலைதான் இது. தட்டித் தட்டிப் பித்தளை இறுகிப்போனால், இன்னும் தட்டினால் வெடித்துவிடும் என்று தெரிந்து, உலைக்களத்தில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி ஆறவிடுவார். அந்தச் சூட்டில் உள்ளே சிக்கிக் கிடக்கும் குறைபாடுகள் கலைந்து தகடு மறுபடி இளகும். விண்ட்ஸ்கேலிலும் அதையே செய்தார்கள்: விசிறிகளை நிறுத்திவிட்டு, உலையைக் குறைந்த திறனில் ஓட்டிக் கிராஃபைட்டைச் சூடாக்குவது, சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அணுக்கள் திரும்பத் தொடங்கும், திரும்பும் அணுக்கள் விடும் சூட்டில் பக்கத்துப் பகுதியும் சூடேறும், அப்புறம் உலையை நிறுத்திவிட்டால்கூட அது தானாகவே பரவிக்கொண்டு போகும்.

ஆனால் கன்னார் கையில் இருப்பது ஒரு பாத்திரம், முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, செந்நிறம் எங்கே ஏறியிருக்கிறது எங்கே ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டே திருப்புவார். இங்கே இருந்தது 2,000 டன் கிராஃபைட், உள்ளே ஒரு கையளவு இடத்துக்கு ஒன்று என்று வெப்பமானி வைக்க முடியாது. இருந்த வெப்பமானிகளும் சாதாரண ஓட்டத்தில் எந்த இடம் அதிகம் சூடாகுமோ அந்த இடங்களைக் கண்காணிக்க வைத்தவை. காய்ச்சி ஆற்றும்போது அதிகம் சூடாகப்போவதோ ஆற்றல் அதிகமாகச் சேர்ந்த முன்பக்கம், குறிப்பாக அதன் கீழ்ப்பகுதி. ஓட்டத்தில் எது குளிர்ந்த இடமோ அதுவே ஆற்றுதலில் ஆபத்தான இடம். படிகத்தின் இயல்பை யோசித்து வைத்திருந்தால் வெப்பமானிகளின் இடங்கள் அன்றே மாறியிருக்கும்.

இந்த வேலையைப் பல தடவை செய்தார்கள், பெரிய கெடுதல் வரவில்லை. சில தடவைகளில் ஆற்றல் வெளியேறுவது பாதியில் நின்றுபோய், ஆங்காங்கே திட்டுத் திட்டாக ஆறாத பகுதிகள் மிஞ்சின. அப்போதெல்லாம் இரண்டாம் முறை சூடேற்றினார்கள், அதுவும் பலித்தது. வேலைப்பளு கூடிக்கொண்டே போனதால் இரண்டு ஆற்றுதல்களுக்கு இடையே விடும் அளவை 30,000 மெகாவாட்-நாளிலிருந்து (உலை அதுவரை வெளியிட்ட மொத்த ஆற்றலின் கணக்கு இது) 40,000 ஆக நீட்டினார்கள். அதாவது குறைபாடுகள் சேர இன்னும் அதிகக் காலம் கொடுத்தார்கள். முழு வேலைக்கும் எழுத்தில் இருந்த வழிகாட்டுதல் சில வரிகள்தான்.

அக்டோபர் 7, 8

1957 அக்டோபர் 7, திங்கட்கிழமை. முதல் உலையை நிறுத்தி, விசிறிகளை அணைத்து, இரவு 7:25க்கு ஆற்றுதலுக்காகக் குறைந்த திறனில் மறுபடி இயக்கினார்கள். நள்ளிரவு தாண்டி, 8ஆம் தேதி அதிகாலை ஒரு மணி வாக்கில், ஆற்றல் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளே செலுத்தி அணுப்பிளவை நிறுத்தினார்கள். இதுவரை எல்லாம் வழக்கம்போல.

காலையில் வெப்பமானிகளைப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அளவு இறங்குவதுபோல் தெரிந்தது. முன்பு சில தடவைகளில் பாதியில் நின்றுபோனதுபோல இதுவும் நின்றுபோகிறது என்று நினைத்தார்கள். நிற்கவிட்டால் ஆறாத திட்டுகள் மிஞ்சும், அவை அடுத்த ஓட்டத்தில் இன்னும் ஆற்றல் சேர்த்து இன்னும் ஆபத்தாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். காலை 11:05க்கு இரண்டாம் முறையாக உலையைச் சூடேற்றினார்கள்.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். பின்னால் வந்த விசாரணை, இரண்டாம் சூடேற்றம் மிகச் சீக்கிரமாகவும் மிக வேகமாகவும் நடந்தது, அதுவே விபத்துக்கு முதன்மைக் காரணம் என்றது. வெப்பமானிகளில் சில ஏறிக்கொண்டுதான் இருந்தன என்பதும் பதிவுகளில் தெரிந்தது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் நிலையில் யோசித்துப் பாருங்கள். வெப்பமானி காட்டுவது அது இருக்கும் இடத்தின் இந்த நேரத்துச் சூட்டை. பக்கத்துக் கட்டியில் இன்னும் எத்தனை அணுக்கள் இடம் தவறிக் கிடக்கின்றன, அவை திரும்பினால் எவ்வளவு சூடு வரும் என்பதை எந்த வெப்பமானியாலும் காட்ட முடியாது. நன்றாக ஆறிவிட்ட கிராஃபைட்டும் ஆற்றல் பிதுங்கப் பிதுங்க நிற்கும் கிராஃபைட்டும் ஒரே வெப்பநிலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெப்பமானிக்கு இரண்டும் ஒன்றுதான்.

சூடேற்றியதும் யுரேனியத்தின் வெப்பநிலை சட்டென்று ஏறியது. தண்டுகளை மறுபடி உள்ளே விட்டுச் சரிசெய்தார்கள். அந்தச் சிறு நேரத்தில் எங்கோ ஒரு யுரேனிய உருளையின் அலுமினிய உறை கிழிந்து, உள்ளிருந்த உலோகம் காற்றைத் தொட்டு எரியத் தொடங்கியது என்பது விசாரணையின் முடிவு. முதலில் எரிந்தது யுரேனியமா, அல்லது வேறு துளைகளில் இருந்த லித்தியம்-மக்னீசியக் கலவையா என்பதில் பின்னாள்களில் மாறுபட்ட கருத்துகள் எழுந்தன.

அக்டோபர் 9, 10

9ஆம் தேதி முழுவதும் ஆற்றுதல் ஒழுங்காகப் போவதாகவே தோன்றியது, ஒரு துளையைத் தவிர. 20/53 என்று எண்ணிட்ட துளையில் வெப்பநிலை இறங்க மறுத்தது. இரவு பத்து மணிக்கு மேல் 400 டிகிரியைத் தாண்டியது. குளிர்விக்கலாம் என்று தடுப்புக் கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்து, புகைபோக்கியின் இழுப்பில் காற்றை உள்ளே விட்டார்கள். விடியற்காலைக்குள் மேலும் சில தடவை திறந்தார்கள். கிராஃபைட்டின் சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் காற்று அதைத் தணிக்கும், உள்ளே ஏற்கெனவே தீ இருந்தால் காற்று அதை ஊதி வளர்க்கும். உள்ளே தீ இருக்கலாம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் வரவில்லை.

10ஆம் தேதி விடியலில் புகைபோக்கியில் கதிரியக்கம் கூடியது. மதியம் விசிறிகளைப் போட்டதும் இன்னும் கூடியது. உறை கிழிந்த உருளையைக் கண்டுபிடிக்கும் கருவியை நகர்த்தப் பார்த்தார்கள், அது சூட்டில் இறுகி அசையவில்லை. மாலையில், முன்பக்கச் சுவரில் ஒரு மூடியைத் திறந்து நேராக எட்டிப் பார்த்தார்கள். அதன் வழியே தெரிந்த நான்கு துளைகளிலும் எரிபொருள் சிவக்கக் கனன்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது வேறு வகை வேலை. இரும்புக் கம்பிகளாலும், சாரம் கட்டும் குழாய்களாலும், எரியும் உருளைகளைக் குத்திப் பின்பக்கம் தள்ளப் பார்த்தார்கள். கம்பிகள் சிவந்து வந்தன, சிலவற்றின் நுனியில் உருகிய உலோகம் சொட்டியது. எரிகிற உருளைகள் வீங்கி இறுகிப்போயிருந்ததால் நகரவில்லை. ஆகவே சுற்றியிருந்த நல்ல துளைகளைக் காலி செய்து, தீ தாண்டாதபடி ஒரு வெற்று வளையத்தை உருவாக்கினார்கள். தீப்பிடித்த துளைகள் சுமார் 150. ஆலையின் துணை மேலாளர் உலையின் உச்சிக்கு ஏறி, பின்பக்கத்தை மேலிருந்து பலமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கீழே நின்று கம்பி பிடித்தவர்களின் துணிவையும் இங்கே சொல்லாமல் விட என்னால் முடியாது.

அக்டோபர் 11, 12

பக்கத்தில் கால்டர் ஹால் என்ற அணுமின் நிலையத்துக்காக வந்திருந்த கார்பன் டை ஆக்சைடு 25 டன் இருந்தது. 11ஆம் தேதி அதிகாலையில் அதைச் செலுத்திப் பார்த்தார்கள், பலனில்லை. அவ்வளவு சூட்டில் உலோகம் அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்.

மிஞ்சியது தண்ணீர். உருகிய உலோகத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் உண்டாகி வெடிக்கலாம், வெடித்தால் முழு உலையும் சிதறலாம். தெரிந்தேதான் முடிவெடுத்தார்கள், வேறு வழி இல்லை என்பதால். சாரக் குழாய்களில் தீயணைப்புக் குழல்களைக் கட்டி, எரியும் துளைகளுக்குச் சற்று மேலே செருகி, காலை 8:55க்குத் தண்ணீரைத் திறந்தார்கள். மெதுவாகத் திறந்து, காது கொடுத்துக் கேட்டு, பிறகு அழுத்தத்தைக் கூட்டினார்கள். வெடிக்கவில்லை, ஆனால் தீயும் அடங்கவில்லை. கட்டடத்துக்குள் ஆள்கள் மூச்சுவிட வேண்டுமே என்று அதுவரை ஓடிக்கொண்டிருந்த விசிறிகளை, ஆள்களை வெளியே அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மேல் நிறுத்தியபோதுதான் தீ சட்டென்று தணிந்தது. 12ஆம் தேதி பிற்பகல் வரை தண்ணீர் ஓடியது. உலை ஆறியது.

அதன் பிறகு

சுற்றுவட்டாரப் பால் பண்ணைகளில் கதிரியக்க அயோடின்-131 கண்டுபிடிக்கப்பட்டது. புல்லில் படிந்து, மாடு தின்று, பாலில் வந்தது. முதலில் சிறு பகுதியிலும், சில நாள்களில் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலும் பால் விற்பனையைத் தடுத்து, பாலை ஆற்றிலும் கடலிலும் கொட்டினார்கள். குழந்தைகளின் தைராய்டைக் காப்பாற்றிய முடிவு அது, வேகமாக எடுத்த நல்ல முடிவு. வெளியேறிய அயோடின் சுமார் 20,000 கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று முதலில் மதிப்பிட்டார்கள். பொலோனியமும் வெளியேறியது, அது வெளியே தெரிய நீண்ட காலம் ஆயிற்று. கேலி செய்யப்பட்ட அந்த வடிகட்டிகள் இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

சர் வில்லியம் பென்னி தலைமையில் விசாரணை நடந்து, அக்டோபர் முடிவதற்குள் அறிக்கை தயாரானது. பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் முழு அறிக்கையை வெளியிட விடவில்லை. நவம்பரில் வெளியான சுருக்கமான வெள்ளை அறிக்கை, ஊழியர்களின் தவறான முடிவுகளைப் பற்றிப் பேசியது. முழு அறிக்கை 1988ல்தான் வெளியே வந்தது. முப்பது வருடம், தீயோடு போராடியவர்கள்மேல் அந்தப் பழி இருந்தது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

நான் இதை எழுதுவதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். இரண்டாம் சூடேற்றத்துக்குக் காத்திருந்திருக்கலாம், உண்மைதான். கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் சூடு தானாகப் பரவி முடிந்திருக்கலாம். ஆனால் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெப்பமானிகள் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைவிட அடிப்படையான ஒன்று: ஆற்றுவதற்கு முன்பே, உலையின் பல இடங்களிலிருந்து சிறு கிராஃபைட் துண்டுகளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது என்று அளந்து ஒரு வரைபடம் போட்டிருக்கலாம். அந்த அளவீட்டு முறை புதிதல்ல. வெப்பநிலையை அளப்பதும் குறைபாடுகளில் சேர்ந்த ஆற்றலை அளப்பதும் வேறு வேறு வேலைகள், இரண்டாவதைச் செய்யாமல் 40,000 மெகாவாட்-நாள் வரை நீட்டியது உலையை இயக்கியவர்களின் அறையில் எடுத்த முடிவு இல்லை, அதற்கு மேலே எடுத்தது. ஆபத்தான ஒரு வேலைக்குச் சில வரிகளைத் தவிர எழுத்தில் வழிகாட்டுதல் தராததும் அப்படித்தான். சூடேற்றும் பொறுப்பை ஏற்றவர்மேல் மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்கவில்லை.

வடிவமைப்பில் வந்த மாற்றம் இன்னும் தெளிவானது. இந்த இரண்டு உலைகளுக்கு அடுத்த தலைமுறையான மேக்னாக்ஸ் உலைகளில் கார்பன் டை ஆக்சைடு குளிர்வித்தது, கிராஃபைட் எப்போதுமே நல்ல சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டில் இடம் மாறிய அணு சீக்கிரமே காலியிடத்துக்குத் திரும்பிவிடுகிறது, ஆகவே இந்த வகை ஆற்றுதலே அங்கே தேவைப்படவில்லை.

விண்ட்ஸ்கேலின் இரண்டு உலைகளும் அதன்பின் இயங்கவில்லை. முதல் உலையின் எரிந்த நடுப்பகுதியில் பல டன் எரிபொருள் எடுக்க முடியாமலே தங்கிவிட்டது. தீயெட்டாத பகுதிகளில், அன்று முழுதாக ஆறாமல் போன கிராஃபைட் கட்டிகள் இருக்கின்றன, இடம் தவறிய அணுக்களோடு. உலையைப் பிரித்தெடுக்கத் திட்டமிடுபவர்கள் கட்டியை வெட்டுவதற்கும் நகர்த்துவதற்கும் முன்னால், அதில் இன்னும் எவ்வளவு விக்னர் ஆற்றல் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.